பழைய விளையாட்டுப் பொறிகளின் சுற்றுப்பலகைகளும் அவற்றைச் சோதிக்கும் இடையிணைப்பிகளும்

தோற்றுவாய்

இரு பொருள்கள் தனித்தனியே குறைவற்றனவாக இருந்தும், ஒன்றோடொன்று பொருந்தாமையாற் பயனின்றிக் கிடத்தல் உலகியலிற் பலகாலும் காணப்படுவதாகும். மலைநாட்டு இருப்புப்பாதையின் வரலாறே இதற்குத் தக்க சான்று. கொழும்பிலிருந்து வந்த அகலப்பாதை 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903, 1904 ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டதோ ஒடுங்கிய பாதை. முன்னதன் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம்; பின்னதன் இடைவெளி 2 அடி 6 அங்குலம். ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. ஆகவே இராகலைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் யாவும் நானுஓயாவில் இறக்கப்பட்டு மறு வண்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தன. ஒடுங்கிய பாதை 1948 இல் முற்றாக மூடப்படும்வரை, இரு அளவுகளுக்கும் இடைநின்று இணைக்கும் தொழிலை அந்நிலையம் செய்துவந்தது.

மின்னியலிலும் இத்தகைய இடைநிலையங்கள் உண்டு. வீட்டில் வட்டமுள் செருகியைச் சதுரமுட் குழியிற் பொருத்த உதவும் சிறு கருவியை மக்கள் ‘அடப்டர்’ என்கின்றனர். அதனை ஈண்டு ‘இடையிணைப்பி’ எனக் குறிப்பது பொருந்தும். காசு இட்டு ஆடும் பழைய விளையாட்டுப் பொறிகளின் சுற்றுப்பலகைகளைச் சோதிப்பதற்குக் கையாலேயே செய்யப்படும் இடையிணைப்பிகள் யாவை, அவை எவ்வாறு ஆக்கப்படுகின்றன, அவ்வாக்கத்தில் மாணவர் கற்கத்தக்கன எவை என்பன இக்கட்டுரையில் விளக்கப்படும்.

பொறியும் பலகையும்

1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதல் யப்பானிலும் அமெரிக்காவிலும் மின்னணு விளையாட்டுப் பொறிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. தைற்றோ நிறுவனத்தின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978 இலும், நம்கோவின் ‘பக்மன்’ 1980 இலும், நின்ரென்டோவின் ‘டொங்கி கொங்’ 1981 இலும் வெளிவந்தன. ஆளுயர மரப்பேழை ஒன்றினுள் திரை, ஒலிபெருக்கி, மின்வழங்கி, கைப்பிடிகள், அழுத்து விசைகள், காசுப்பெட்டி ஆகியன அமைந்திருக்கும். இவற்றையெல்லாம் ஆளும் மூளையாக உள்ளே இருப்பது ஒரு சுற்றுப்பலகையே.

பேழையிலிருந்து வரும் கம்பிக்கற்றை பலகையோடு சேரும் இடம் பெரும்பாலும் பலகையின் ஓரமாகும். அவ்வோரத்திற் செம்புத் தகடுகள் சீப்பின் பற்கள் போல் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றை ‘விரல்கள்’ எனலாம். கம்பிக்கற்றையின் நுனியிலுள்ள ஓர இணைப்பி அவ்விரல்களைக் கவ்விப் பிடிக்கும். மின்வலு உட்செல்வதும், படமும் ஒலியும் வெளிவருவதும், ஆடுவோனின் கட்டளை பலகையை அடைவதும் இவ்விரல்கள் வழியாகவே.

தொடக்க காலத்தில் எந்த விரல் எப்பணிக்கு உரியது என்பதற்குப் பொதுவிதி இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் பலகையில் முதல் விரல் புவிமுனையாக இருக்கும். மற்றொன்றில் அதே இடத்தில் 12 வோல்ற்று வரும். விரல்களின் தொகையும் வேறுபடும், இடைவெளியும் வேறுபடும். பேழையும் பலகையும் பிரிக்கப்படாது ஒன்றாக இருந்த காலத்தில் இதனால் இடர் எதுவும் விளையவில்லை. பேழைகள் உளுத்தும் உடைந்தும் அழிய, பலகைகள் மட்டுமே எஞ்சிய பிற்காலத்திலேதான் இடர் தலைகாட்டிற்று. கையிலே பலகை உண்டு. அதற்குரிய பேழை இல்லை. அது பழுதுற்றதா, நல்லதா என்று அறிவது எங்ஙனம்?

1985 ஆம் ஆண்டின் நியமம்

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு யப்பானிய கேளிக்கைப் பொறி உற்பத்தியாளர் சங்கம் 1985 இல் ஒரு நியமத்தை வகுத்தது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தாலேயே அது ‘ஜம்மா’ நியமம் என வழங்குகின்றது. இதன்படி ஓர இணைப்பில் 56 தொடுகைகள் உண்டு. பலகையின் ஒரு முகத்தில் 28, மறுமுகத்தில் 28. அடுத்தடுத்த இரு விரல்களின் நடு இடைவெளி 3.96 மில்லிமீற்றர். உறுப்புக்கள் பொருந்திய முகத்து விரல்கள் 1 முதல் 28 வரை எண்களாலும், பற்றாசு முகத்து விரல்கள் ஆங்கில எழுத்துக்களாலும் குறிக்கப்படும். எண்களோடும் பிற எழுத்துக்களோடும் மயங்காதிருக்கும் வண்ணம் ஜி, ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துக்கள் விலக்கப்பட்டுள்ளன.

இவ்விரல்களின் பங்கீடு ஆராயத்தக்கது. 1, 2, 27, 28 ஆகிய நான்கும், அவற்றின் நேர்ப் பின்புறத்து நான்கும் புவிமுனைகள். 3, 4 ஆகிய இரண்டும், அவற்றின் பின்புறத்து இரண்டும் +5 வோல்ற்றுக்கு உரியன. 5 ஆவது −5 வோல்ற்று. 6 ஆவது +12 வோல்ற்று. 7 ஆவது இடம் தொடுகைக்கு உரியதன்று. தலைகீழாகச் செருகுவதைத் தடுக்கும் திறவுகோல் இடமாகும். 10 ஆவதும் அதன் பின்புறமும் ஒலிபெருக்கிக்கு உரியன. 12 ஆவது சிவப்பு; அதன் பின்புறம் பச்சை. 13 ஆவது நீலம். அதன் பின்புறம் படத்தின் ஒத்தியக்கக் குறி. 16 முதல் 24 வரை முறையே காசு, தொடக்கம், மேல், கீழ், இடம், வலம், மூன்று அழுத்து விசைகள் என்பன வரும். எண்முகம் முதலாம் ஆட்டக்காரனுக்கும், எழுத்துமுகம் இரண்டாமவனுக்கும் உரியன.

இந்நியமம் வந்தபின் ஒரு பேழையிற் பல பலகைகளை மாற்றி மாற்றிப் பொருத்தல் எளிதாயிற்று. பழுது பார்ப்போரும் இந்நியமத்துக்கு ஏற்ற ஒரே சோதனை மேசையை அமைத்துக் கொண்டனர். எனினும் 1985 க்கு முற்பட்ட பலகைகள் இம்மேசைக்கு இயையா. அவற்றை இம்மேசையோடு இயைவிப்பதே இடையிணைப்பியின் தொழில். அதன் ஒருபுறம் ஜம்மா விரல்களைக் கொண்ட சிறு தகடு. மறுபுறம் பழைய பலகையின் ஓரத்தைக் கவ்வும் இணைப்பி. இரண்டுக்கும் நடுவே கம்பிகள்.

அட்டவணையே அடித்தளம்

இடையிணைப்பி செய்பவன் முதலிற் கையில் எடுக்க வேண்டியது பற்றாசுக் கோலன்று, தாளும் எழுதுகோலுமே. பழைய பலகையின் ஒவ்வொரு விரலும் எதற்குரியது என்பதை இடப்பத்தியிலும், அதற்கு இணையான ஜம்மா விரலை வலப்பத்தியிலும் எழுதி ஓர் அட்டவணை ஆக்கல் வேண்டும். உற்பத்தியாளர் வெளியிட்ட சுற்றுப்படம் கிடைக்குமாயின் இது எளிய வேலை. கிடையாதாயின் பலகையையே நூலாகக் கொண்டு படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிக்கும் முறை வருமாறு. அக்காலப் பலகைகளில் 74 என்று தொடங்கும் எண்களைத் தாங்கிய தருக்கச் சில்லுக்கள் நிறைந்திருக்கும். 14 கால்களை உடைய அத்தகைய சில்லுக்களிற் பெரும்பாலானவற்றில் 7 ஆவது கால் புவிமுனை. 14 ஆவது கால் +5 வோல்ற்று. 16 கால்களை உடையவற்றில் அவை பெரும்பாலும் முறையே 8, 16 ஆகும். பல்மானியைத் தொடர்ச்சி காணும் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சில்லின் புவிக்காலிலும் மறுமுனையை ஓர விரல்களில் ஒவ்வொன்றாகவும் தொட்டுவந்தால், ஒலி எழும் விரல்கள் புவிமுனைகள் என்பது தெளிவாகும். +5 வோல்ற்று விரல்களும் இவ்வாறே அறியப்படும். ஐயமறுக்கப் பல சில்லுக்களில் இதனைச் செய்து ஒப்புநோக்குதல் நன்று.

ஒலிபெருக்கியின் விரல்களைக் காண வேண்டின், வெப்பந்தணிக்கும் தகடு பூண்ட ஒலிவிரியாக்கிச் சில்லிலிருந்து புறப்படும் தடத்தைப் பின்பற்றல் வேண்டும். நிறங்களுக்குரிய விரல்கள் வெவ்வேறு பெறுமானமுள்ள தடையிகளின் சிறு கூட்டத்தை அடையும். ஆளிகளுக்குரிய விரல்களோ ஒரே பெறுமானமுள்ள தடையிகளின் வரிசையை அடையும். இவ்வரிசை ஏன் என்பதை மாணவர் அறிதல் நலம். ஆளி திறந்திருக்கும்போது தடையி அவ்விரலை +5 வோல்ற்றில் வைத்திருக்கும். ஆளியை அழுத்தினால் விரல் புவியோடு சேர்ந்து அழுத்தம் பூச்சியமாகும். தடையி 1,000 ஓம் ஆயின், அழுத்தும்போது பாயும் ஓட்டம் ஓமின் விதிப்படி 5 மில்லியம்பியர் மாத்திரமே. ஆகவே ஆளிகளுக்கு மெல்லிய கம்பி போதும்.

கம்பியின் பருமன்

வலுவைக் கொண்டுசெல்லும் கம்பிகளின் நிலை அவ்வாறன்று. பழைய பலகை ஒன்று +5 வோல்ற்றில் 4 அம்பியர் ஓட்டத்தை ஏற்பதாகக் கொள்வோம். கம்பியும் தொடுகையும் சேர்ந்து 0.1 ஓம் தடையே உடையன என்றாலும், அவற்றில் இழக்கப்படும் அழுத்தம் 4 × 0.1 = 0.4 வோல்ற்று ஆகும். மின்வழங்கி சரியாக 5 வோல்ற்றைத் தந்தும் பலகையை அடைவது 4.6 வோல்ற்றே. 74 வரிசைச் சில்லுக்களுக்கு 4.75 முதல் 5.25 வோல்ற்று வரை வேண்டும். எனவே பலகை பழுதற்றதாக இருந்தும் இயங்காது. இயங்கினும் திரையிற் பொருளற்ற உருவங்கள் தோன்றும். அனுபவமற்றவன் சில்லுக்களைக் குறைகூறிக் கழற்றத் தொடங்குவான். குற்றமோ கம்பியின்பாலது.

இத்துடன் 4 × 0.4 = 1.6 உவாற்று வலு வெப்பமாக அத்தொடுகையில் வெளிப்படும். ஒரு சிறு செம்பு விரலுக்கு அது பெருவெப்பம். பல பழைய பலகைகளின் வலு விரல்கள் கருகிக் காணப்படுவதன் காரணம் இதுவே. ஜம்மா நியமம் +5 வோல்ற்றுக்கு நான்கு விரல்களையும் புவிக்கு எட்டு விரல்களையும் ஒதுக்கியதன் நுட்பமும் இதனால் விளங்கும். நான்கு விரல்களில் 4 அம்பியர் பகிரப்பட்டால் ஒவ்வொன்றிலும் ஓர் அம்பியரே பாயும். ஆதலால் இடையிணைப்பி செய்பவன் வலு விரல்களில் ஒன்றில் மட்டும் கம்பி பிடித்து ஏனையவற்றை வெறுமையாக விடலாகாது. அனைத்துக்கும் பருத்த கம்பியை, இயன்றவரை குறுகிய நீளத்திற் பொருத்தல் வேண்டும்.

பொருந்தாதவற்றைப் பொருத்துதல்

கம்பியை இடம் மாற்றுவதால் மட்டுமே எல்லாப் பலகைகளும் வழிக்கு வந்துவிடுவதில்லை. சிலவற்றுக்கு இடையிணைப்பியினுள்ளே சிறு சுற்றும் வேண்டப்படும். சில எடுத்துக்காட்டுக்களைக் காண்போம்.

‘பக்மன்’ பலகையின் ஓரத்தில் 44 தொடுகைகள் உள்ளன. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் செய்த அப்பலகை நேரோட்டத்தை அன்றி, ஏறத்தாழ 7 வோல்ற்று ஆடலோட்டத்தையே ஏற்று, அதனைத் தன்னிடத்தே நேரோட்டமாக்கிச் சீராக்கிக் கொள்ளும். அவ்விரல்களிற் சோதனை மேசையின் +5 வோல்ற்றை நேரே கொடுத்தால், இருவாயிகளையும் சீராக்கியையும் கடக்கும்போது அழுத்தம் குறைந்து சில்லுக்களுக்குப் போதாமற் போகும். ஆகவே இதற்கு இடையிணைப்பியோடு உரிய மின்மாற்றி ஒன்றையும் சேர்த்தல் வேண்டும்.

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ பொறியின் மூளை 8080 என்னும் நுண்செயலி. அதற்கு +5, +12, −5 ஆகிய மூவகை அழுத்தங்களும் தேவை. அக்காலத்து 4116 என்னும் நினைவகச் சில்லும் அத்தகையதே. அதற்கு −5 வோல்ற்று இல்லாதிருக்க ஏனைய இரண்டும் கொடுக்கப்படின் சில்லே அழிய நேரும். எனவே −5 வோல்ற்றுக் கம்பி விடுபடுதல் சிறு மறதியன்று. பலகைக்கு ஊறு விளைப்பதாகும்.

‘டொங்கி கொங்’ பலகை தரும் நிறக்குறிகள் தலைகீழானவை. ஒளி மிகவேண்டிய இடத்திற் குறைந்த அழுத்தமும், இருள் வேண்டிய இடத்தில் மிகுந்த அழுத்தமும் வரும். அப்பேழையின் திரை அதற்கெனவே அமைந்தது. பொதுத் திரையில் அப்படம் நிழற்படத்தின் எதிர்த்தகடு போலத் தோன்றும். ஒவ்வொரு நிறத்துக்கும் திரான்சிற்றர் கொண்ட ஒரு புரட்டுச் சுற்றை இடையே வைத்தால் இது நேராகும். அன்றியும் அப்பேழையில் ஒலிவிரியாக்கி திரைப்பெட்டியில் இருந்தது. ஆகவே தனி ஒலிவிரியாக்கியும் சேர்த்தல் வேண்டும்.

வேறு சில பலகைகள் கிடை ஒத்தியக்கத்தையும் நிலை ஒத்தியக்கத்தையும் இருவேறு விரல்களில் தருகின்றன. ஜம்மா நியமத்தில் அவை ஒன்றாகச் சேர்ந்தே வரல் வேண்டும். ஒரு தருக்கச் சில்லாலோ, இருவாயிகளாலோ அவற்றை இணைத்தல் கூடும்.

ஒலிபெருக்கியின் இரு விரல்களைப் பற்றிய எச்சரிக்கையும் ஈண்டு வேண்டற்பாலது. எதிர்க்குறி இடப்பட்ட விரல் புவிமுனையே என்று எண்ணி அதனைப் புவியோடு சேர்த்துவிடுவோர் உளர். சில பலகைகளில் இரு விரல்களும் விரியாக்கியின் இரு வெளியீடுகளாகவே இருத்தலின், அச்செயல் விரியாக்கியை எரித்துவிடும். ஒலிபெருக்கிக்கு என்றும் தனி இரு கம்பிகளே வேண்டும்.

திரையும் மின்வழங்கலும்

இப்பலகைகள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 60 படங்களையும், ஏறத்தாழ 15,700 கிடைக்கோடுகளையும் வரைவன. பிற்காலக் கணினித் திரைகள் செக்கனுக்கு ஏறத்தாழ 31,500 கோடுகளை எதிர்பார்த்தலின், பாடசாலையிற் கிடைக்கும் அத்திரையை அப்படியே இணைப்பதாற் பயனில்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே ஏற்கும் தொலைக்காட்சிப் பெட்டி உதவும். ஆயின் அப்பெட்டி 75 ஓம் தடையில் 0.7 வோல்ற்றையே ஏற்கும். பலகை 3 வோல்ற்றைத் தருவதாகக் கொண்டால், தொடராக வைக்க வேண்டிய தடையியைக் கணிப்பது எளிது. 3 × 75 ÷ 0.7 ஏறத்தாழ 321 ஓம். அதிற் பெட்டியின் 75 ஓமைக் கழிக்க 246 ஓம் வரும். கடையிற் கிடைக்கும் 240 அல்லது 270 ஓம் தடையி அதற்குப் பொருந்தும்.

இலங்கையின் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று. யப்பானிய மின்வழங்கி 100 வோல்ற்றுக்கும், அமெரிக்காவினது ஏறத்தாழ 120 வோல்ற்றுக்கும் செய்யப்பட்டவை. இவற்றை மின்மாற்றியின்றிச் சுவர்க்குழியிற் செருகுதல் பேரிடர். இதனினும் எளிய வழி ஒன்றுண்டு. கழித்துவிடப்பட்ட மேசைக்கணினியின் மின்வழங்கி +5, +12 வோல்ற்றுக்களை நன்கு தரும். பழையவற்றில் −5 வோல்ற்றும் இருந்தது. பிற்காலத்தவற்றில் அது நீக்கப்பட்டுவிட்டது. எவ்வாறாயினும் மின்வழங்கியின் உறையையும், பழைய குழாய்த் திரையின் பின்புறத்தையும் மாணவர் திறத்தல் கூடாது. அவற்றுள் உயிரைப் போக்கவல்ல அழுத்தம், மின்னை நிறுத்திய பின்னரும் தங்கியிருத்தல் கூடும்.

சோதிக்கும் ஒழுங்கு

‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இத்தொழிலுக்கெனவே எழுந்தது போலும். இடையிணைப்பி செய்து முடிந்ததும் பலகையைச் செருகிப் பார்க்கும் ஆவல் இயல்பே. அதனை அடக்குதல் வேண்டும்.

முதலாவதாக, மின் கொடாத நிலையில் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் பல்மானியால் ஒப்புநோக்கல் வேண்டும். சேரவேண்டியவை சேர்ந்தனவா என்பதோடு, சேரலாகாத அயல் விரல்கள் பற்றாசுத் துளியாற் சேர்ந்துவிட்டனவா என்பதையும் காணல் வேண்டும். இப்பணியை இணைப்புச் செய்தவனன்றி மற்றொருவன் செய்தல் சாலவும் நன்று.

இரண்டாவதாக, பலகையின்றி இடையிணைப்பியை மட்டும் மேசையிற் பொருத்தி மின் கொடுத்து, மறுநுனியில் ஒவ்வொரு வலு விரலிலும் வரும் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். +12 வோல்ற்று தவறிப்போய் +5 வோல்ற்று விரலில் நிற்குமாயின், அது பல்மானியின் முகத்தில் வெறும் எண்ணாகத் தோன்றும்; பலகை பொருத்தப்பட்டிருப்பின் அதுவே புகையாகத் தோன்றும்.

மூன்றாவதாக, பலகையின் +5 வோல்ற்று விரலுக்கும் புவிமுனைக்கும் இடையிலுள்ள தடையை அளத்தல் வேண்டும். அது பூச்சியத்தை அண்மியதாயின் பலகையிற் குறுக்குச்சுற்று உண்டு என்பது தெளிவு. அதனை நீக்காது மின் கொடுக்கலாகாது. நான்காவதாக, விரல்களைத் துப்புரவு செய்தல் வேண்டும். நுவரெலியா போன்ற மூடுபனியும் ஈரமும் மிக்க இடங்களிற் செம்பு விரல்கள் விரைவிற் களிம்பேறும். களிம்பு தடையை மிகுவிக்கும். ஐந்தாவதாகவே, உரிய உருகியை இடைவைத்துப் பலகைக்கு மின் கொடுத்தல் வேண்டும். கொடுத்த உடனே, பலகையின் சில்லொன்றின் கால்களிலேயே +5 வோல்ற்றை மீண்டும் அளந்து, முன்கூறிய அழுத்த இழப்பு உண்டா எனக் காணல் வேண்டும்.

இவ்வொழுங்கிற் சென்றவனுக்குத் திரையே மருத்துவனின் கைநாடி ஆகும். படம் மேலுங் கீழும் ஓடின் ஒத்தியக்கத்திற் குறை. ஒரு நிறம் மட்டும் இல்லையேல் அந்நிறத்தின் கம்பியிலோ தடையியிலோ குறை. படம் தோன்றி மறைந்து மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே வருமாயின், நுண்செயலி நெறிதவறியதைக் கண்டு அதனை மீளத் தொடக்கும் காவற் சுற்று இயங்குகின்றது என்பது பொருள். இடையிணைப்பி ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிருந்தாலன்றி இக்குறிகள் எவற்றையும் நம்புதல் இயலாது. சோதிக்கும் கருவி பொய்த்தால் சோதனை முழுவதும் பொய்க்கும்.

இதனாற் பெறும் பயன்

விளையாட்டுப் பொறிக்கு இத்துணை உழைப்பு வேண்டுமோ என வினவுவார் இருக்கலாம். நியூயோர்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகம் 2012 இல் ‘பக்மன்’ உள்ளிட்ட விளையாட்டுக்களைத் தன் சேகரிப்பில் ஏற்றது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 இல் வெளியிட்ட ‘மேம்’ என்னும் மென்பொருள், பழைய பொறிகளின் இயக்கத்தைக் கணினியிற் போன்மையாக நிகழ்த்தி, அவற்றை மறதியினின்று காத்துவருகின்றது. ஆயினும் போன்மை சரியா என்று ஒப்புநோக்க உயிருள்ள மூலப்பலகை ஒன்று வேண்டும். அப்பலகைகளோ நாளும் குறைகின்றன. கப்கொம் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட சி.பி.எஸ். 2 என்னும் தொகுதியில், மறைகுறியை விடுவிக்கும் திறவெண்கள் ஒரு சிறு மின்கலத்தின் உதவியாலேயே நினைவகத்தில் நின்றன. மின்கலம் ஓய்ந்ததும் திறவெண்கள் அழியும், பலகையும் ஊமையாகும். காலமே அழிக்கும் பொருளைக் கவனக்குறைவும் சேர்ந்து அழித்தல் ஆகாது. தவறான ஒரு கம்பி, உலகில் எஞ்சிய சிலவற்றுள் ஒன்றை ஒரு நொடியிற் கொல்லவல்லது.

இதனினும் அண்மையான பயன் ஒன்று மலையக மாணவர்க்கு உண்டு. இந்நெறி விளையாட்டுப் பொறிகளோடு நின்றுவிடுவதன்று. தேயிலைத் தோட்டங்கள் பல முற்காலத்திலே தத்தம் நீரோடைகளிற் சிறு நீர்மின் பொறிகளை அமைத்திருந்தன. 1950 இல் இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிப் பொது மின்வலை பரவியபின் அவற்றுட் பல கைவிடப்பட்டன. பிற்காலத்திற் சிலவற்றை மீட்டு மின்வலையோடு சேர்க்க முயன்றபோது, அழுத்தமும் அதிர்வெண்ணும் ஒத்துவருமாறு செய்தலே தலையாய பணியாயிற்று. ஒரு நுனியின் இயல்பை அறிந்து, மறு நுனியின் தேவையை அறிந்து, இரண்டையும் ஊறின்றிச் சேர்த்தல் என்னும் ஒரே நெறியே ஓர் அங்குல விரலிலும் ஓர் ஆற்றின் நீர்வலுவிலும் செயற்படுகின்றது.

இலங்கையின் உயர்தர வகுப்புக்களில் 2013 ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடக்கப்பட்டது. அப்பிரிவு பயனளிக்க வேண்டுமாயின் ஓமின் விதி கரும்பலகையில் எழுதப்படும் சமன்பாடாக மட்டும் நின்றுவிடல் ஆகாது. விலையுயர்ந்த ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலையிலும் ஒரு பல்மானி, ஒரு பற்றாசுக் கோல், கழித்துவிடப்பட்ட ஒரு கணினி மின்வழங்கி, பழுதுற்ற ஒரு வானொலியின் சுற்றுப்பலகை ஆகியவற்றைத் தேடிக்கொள்ளல் கூடும். அப்பலகையின் புவிமுனை எது, வலுமுனை எது எனத் தாமே கண்டு அட்டவணை எழுதி, அதற்கோர் இடையிணைப்பி செய்யும் மாணவர், 0.1 ஓமின் பொருளைத் தம் கையாலேயே அறிவர். ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்கும் வழக்கத்தையும், அளக்காது எதனையும் நம்பாத மனப்பாங்கையும் அதனோடு பெறுவர்.

பழுதுற்றது என ஒதுக்கப்பட்டவற்றுட் பல உண்மையிற் பழுதுற்றன அல்ல. தகுந்த இணைப்பின்றிப் பேசாதிருப்பனவே. அவற்றைப் பேச வைப்பதற்கு வேண்டுவன பொறுமையும் நேர்மையான அளவீடும் ஆகும். இவ்விரண்டையும் மாணவர்க்குப் பயிற்றும் எக்கல்வியும் மலைநாட்டின் நாளைய வாழ்வுக்கு உரமாகும் என்பது ஒருதலை.